ஏழு நூடுல்ஸ், ஒரு சோறு

அத்தியாயம் 9

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் சங்கத் தலைவர் குவாங்ஜோ பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். தூக்குக் கயிறு கொடுத்தாலும் முடிச்சைத் தானே போட்டுக் கொடுக்கிற நல்ல மனிதர் என்று மான்சொப் நினைத்துக்கொண்டான்.

"இங்க போட்டா போதும்மா," என்றார் தலைவர். "பார்க்காமலே எழுதிட்டேன்னு ஒரு வரி. மூணு மாசம் சஸ்பென்ஷன். அதோட கதை முடிஞ்சுது. போடலேன்னா ரெண்டு மணிக்கு விசாரணைக் குழு உன்னை வேலையை விட்டே தூக்கிடும். அவங்ககிட்ட பேசிப் பேசி என் தொண்டையே போச்சு."

ஹேரின் பேனாவைத் தொடவில்லை. முப்பத்தொரு வயது. கிழக்குத் துறை தீயணைப்பு நிலையத்தில் கருவிகளுக்குப் பொறுப்பு. பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"நான் பார்த்தேன் தலைவரே. நாலாம் நம்பர் சிலிண்டர்ல காத்து முந்நூறு பார், முழுசா இருந்துச்சு."

"இருந்திருந்தா சாங்ஜினுக்கு ஏன்மா பாதியில காத்து தீருது?"

பதினைந்து நாளாக அவளைத் தூங்கவிடாத கேள்வி அது. பதினோராம் தேதி மதியம் ஒரு ஜவுளிக் கிடங்கில் தீ. சாங்ஜின் நாலாம் நம்பர் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டாவது நிலவறைக்கு இறங்கினான். முழு சிலிண்டர் முக்கால் மணி நேரம் வரும். இது பதினெட்டாவது நிமிடத்தில் ஓய்ந்தது. அவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்து, நுரையீரலில் போன புகையை இருமிக்கொண்டிருக்கிறான். காலை ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது 'எண் 4, முந்நூறு' என்று பதிவேட்டில் எழுதியது ஹேரின்.

"சைன் பண்ணா வேலை இருக்கும்," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "ஆனா நான் சரிபார்த்த சிலிண்டரை இனிமே யாரும் முதுகுல மாட்ட மாட்டாங்க. அப்புறம் அந்த வேலையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மூலையில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த யோங்ரான் தலை நிமிர்ந்தாள். இருபத்து நாலு வருடம் தீ விபத்துச் சாம்பலைக் கிளறிக் காரணம் கண்டுபிடித்தவள். இப்போது சங்கத்தின் புகார்ச் செயலாளர். பேசுவதைக் காசு கொடுத்து வாங்குவது போலப் பேசுவாள்.

"ரெண்டு மணிக்கு இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு," என்றாள். "அதுவரைக்கும் பேனாவை மூடி வைங்க, தலைவரே."

"எதுக்கு யோங்ரான்? எழுதினது அவ கை. தீர்ந்து போனது காத்து. நடுவுல என்ன இருக்கு?"

"மூணே கால் மணி நேரம் இருக்கு. ஒன்பதுலேர்ந்து மணி அடிச்ச பன்னிரண்டே கால் வரைக்கும்."

தலைவர் தன் சிவப்புச் சட்டைக்கையின் மடிப்பைத் தடவிக்கொண்டார். போராட்டத்துக்குப் போடும் மேல்சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிற ஒரே தலைவர் இந்த ஊரில் அவர்தான். தீயணைப்பு வீரர்களுக்குச் சங்கம் வைக்க உரிமை கிடைத்தே சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் அவர் நாற்காலியில் நாற்பது வருடம் உட்கார்ந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில், 'உறுப்பினரைத் தனியே விடமாட்டோம்' என்று புது ஸ்டிக்கர் ஒன்று கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.

"ஒன்றரைக்கு வந்துடுங்க," என்றார். "என்னைச் சங்கடப்படுத்தாதீங்க."

*

சங்கத்தின் வேன் மேட்டில் ஏறும்போது இருமும். மான்சொப் ஏணி வண்டி ஓட்டியவன். போன வருடம் முழங்கால் போனதிலிருந்து இந்த வேனையும் யோங்ரானையும் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"இந்த போட்டோவைப் பாரு," என்று அவள் சிவப்பு விளக்கில் நீட்டினாள். "விபத்து நடந்த அன்னிக்கு மதியம் ஒரு மணிக்குத் தலைமை அலுவலகம் எடுத்தது. என்ன தெரியுது?"

"வண்டி நிக்கிற இடம். வண்டி இல்ல. ஒரு பெஞ்சு. பெஞ்சு மேல தீயணைப்புப் பேன்ட் ஒண்ணு, மடிச்சு வெச்சிருக்கு. கீழ ஒரு ஜோடி பூட்ஸ், பக்கத்துல பக்கத்துல. அழகா இருக்கு. எங்க வீட்ல கூட இப்படிக் கிடையாது."

"அழகா இருக்கா?"

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். மான்சொப் நகரவில்லை.

தீயணைப்பு வீரன் பேன்டைக் கழற்றுவதில்லை. தோள் வாரைத் தளர்த்துவான், பேன்டைப் பூட்ஸின் மேலேயே கீழே தள்ளுவான், இரண்டுக்கும் நடுவிலிருந்து காலை உருவிக்கொண்டு வெளியே வருவான். பேன்ட் பூட்ஸைச் சுற்றிச் சுருண்டு நிற்கும். மணி அடித்தால் காலை உள்ளே விட்டு இழுத்தால் முடிந்தது.

"நம்மாளுங்க யாரும் பேன்டையும் பூட்ஸையும் பிரிக்க மாட்டாங்கக்கா. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சாலும் அது ரெண்டும் பிரியாது."

"அளவைப் பாரு. இடுப்புல எழுதியிருக்கு."

"அடேங்கப்பா. ஹேரின் மாதிரி மூணு பேர் உள்ள போகலாம். அந்த ஸ்டேஷன்ல இவ்வளவு பெரிய ஆளே இல்ல. உபரி செட்டா இருக்கும்."

"அப்ப அன்னிக்கு வெளியாள் ஒருத்தர் தீயணைப்பு வீரர் வேஷம் போட்டிருக்கார். வேஷம் போடுறவங்க பாதி வேஷம் போட மாட்டாங்க. முதுகுல சிலிண்டரும் வேணும்னுதான் கேப்பாங்க. நகர மன்றத் தேர்தல் நேரம் வேற, போட்டோவுக்கு நின்ன வேட்பாளரா இருக்கும்."

*

நிலைய அதிகாரியின் பெயர் நாம். அவர்களை நின்றபடியே வரவேற்றார். உட்காரச் சொன்னால் காபி கொடுக்க வேண்டியிருக்கும். பரீட்சை எழுதி நேராக மேஜைக்கு வந்தவர். வண்டியில் ஏறியதே இல்லை என்று நிலையத்தில் சொல்வார்கள்.

"பதினோராம் தேதியா? யாரும் வரலையே. பார்வையாளர் பதிவேடு இருக்கு, பாருங்க."

யோங்ரான் பார்த்தாள். பத்தாம் தேதி பதினாலு பேர். பன்னிரண்டாம் தேதி ஒன்பது பேர். பதினோராம் தேதிப் பக்கம் துடைத்துவிட்டது போல இருந்தது.

"தண்ணி கேன் போடுறவர் கூட வரலை போல," என்றான் மான்சொப். "பாவம், அவருக்கும் மன அழுத்தமா?"

அந்தச் சொல் நாமுக்குப் பிடிக்கவில்லை. அன்று பதினோரு மணிக்கு மொத்தக் குழுவையும் மாடி வகுப்பறைக்கு அனுப்பி, 'மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி' என்று ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம். மணி அடித்ததும் நேராக இறங்கி வண்டியில் ஏறியதாக ஹேரின் சொல்லியிருந்தாள். கீழே யார் இருந்தார்கள் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது.

"பயிற்சி கட்டாயம்," என்றார் நாம்.

"தேர்தலுக்கு அஞ்சு வாரம் இருக்கிறப்ப, வேட்பாளர் யாராவது அரசுக் கட்டடத்துல நின்னு படம் எடுத்தா, உள்ள விட்ட அதிகாரிக்கும் பிரச்னை வரும் இல்லையா சார்?" என்று யோங்ரான் சந்தேகம் கேட்கிற மாணவி மாதிரி கேட்டாள்.

"எதுக்கு இந்தக் கேள்வி?"

"சும்மா. பொது அறிவு."

வெளியே வந்ததும் அவள் வாசல் பக்கம் போகாமல் சமையலறைக்குத் திரும்பினாள். நிலையத்தின் சமையல்காரி ஒக்பூன் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். முள்ளங்கி மேல் ஏதோ கோபம் இருப்பது போலத் தெரிந்தது.

"ஒக்பூன் அக்கா, பதினோராம் தேதி மதியம் என்ன சமைச்சீங்க?" என்றான் மான்சொப்.

"எங்க சமைக்க விட்டாங்க? காலையில பன்றிக்கறி ஊற வெச்சிட்டு நிக்கிறேன், அந்த நாம் வந்து, அம்மா இன்னிக்கு லீவு எடுத்துக்குங்கன்றார். ஏழு வருஷத்துல எங்க அம்மா செத்தப்பக் கூட அரை நாள்தான் குடுத்தாங்க. மறுநாள் வந்து பார்த்தா கறி ஊசிப் போச்சு. ஃபிரிட்ஜ்ல இது ஒட்டிக் கிடக்கு."

கத்தியால் காட்டினாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் ஒன்றின் கீழ் மஞ்சள் கூப்பன்கள். 'யொங்வா சீன உணவகம்'. ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன். நாற்பது சேர்ந்தால் ஒரு தட்டு இலவசம். மான்சொப் எண்ணினான். எட்டு.

"குழுவுல எத்தனை பேர்?"

"பன்னிரண்டு," என்றாள் ஒக்பூன். "அவங்க யாரும் சாப்பிடல. தீயணைச்சிட்டு நாலு மணிக்கு வந்து ரொட்டி தின்னுச்சுங்களாம். எட்டு பேர் யாருன்னு எனக்கும் தெரியணும். பாத்திரம் கூடக் கழுவல, மகராசனுங்க."

*

யொங்வா உணவகத்தில் மதியக் கூட்டம் தொடங்கவில்லை. முதலாளி யூ வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமைப்பதும் அவர்தான், கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். கடனுக்குக் கேட்டால் காது கேளாதவரும் அவர்தான்.

"கிழக்குத் துறை ஸ்டேஷனா? எப்படி மறக்கும்?" என்று ஆர்டர் நோட்டைக் கொண்டுவந்து விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். "பதினொண்ணு. இதோ. கறுப்பு நூடுல்ஸ் ஏழு. வறுத்த சோறு ஒண்ணு. இனிப்புப் புளிப்புக் கறி பெரிய தட்டு ஒண்ணு. போன்ல நான் ரெண்டு தடவை கேட்டேன்யா. பதினோரு வருஷமா அந்த ஸ்டேஷனுக்கு சோறு தவிர ஒண்ணும் போனதில்ல."

மான்சொப் சிரித்துவிட்டான். நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மணி அடிக்கும். இது எந்த நிலையத்திலும் எந்தத் தீயணைப்பு வீரனும் சந்தேகப்படாத ஒரே விஞ்ஞானம். திரும்பி வரும்போது நூடுல்ஸ் ஊதிக் கட்டியாகி, கிண்ணத்தோடு கவிழ்த்தால் கிண்ணம் மாதிரியே நிற்கும். சோறு பொறுமையானது. அது காத்திருக்கும்.

"பிரிச்சாங்களா அண்ணே?"

"பிரிச்சாங்க. அடிச்சுது," என்றார் யூ, கடமையைச் சொல்வது போல.

யோங்ரான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மான்சொப், எட்டு பேர்ல ஏழு பேர் நூடுல்ஸ்."

"வண்டியில ஏறாத ஏழு பேர். வேட்பாளர், அவர் கூட வந்த எடுபிடி, நம்ம நாம்..."

"அந்த ஒரு சோறு?"

எண்ணிக்கொண்டிருந்த அவன் விரல் பாதியில் நின்றது.

"சாங்ஜின் வாக்குமூலத்துல ஒரு வரி இருக்கு," என்றாள் அவள். "வண்டியில ஏறினப்ப நாலாம் நம்பர் முள் பூஜ்யத்துல இருந்துச்சாம். அதுதான் சரி. வால்வை மூடி, குழாய்ல மிச்சம் இருக்கிற காத்தை வெளிய விட்டுட்டா முள் பூஜ்யம். வண்டியில தொங்குற எல்லா சிலிண்டரும் அப்படித்தான் தொங்கும். இப்ப வேட்பாளரே கழட்டி மாட்டியிருந்தா?"

"அவருக்கு வால்வு எங்க இருக்குன்னே தெரியாது. திறந்தபடியே விட்டிருப்பார். முள் பாதியில நிக்கும்." மான்சொப்புக்கு மெதுவாகப் புரிந்தது. "ஏறினதுமே சாங்ஜின் பார்த்திருப்பான். வேற சிலிண்டர் எடுத்திருப்பான்."

"ஆமா. தெரியாதவன் மாட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நல்லாத் தெரிஞ்சவன் ஒழுங்கா மாட்டியிருக்கான். வால்வை மூடி, காத்தை விட்டு, பட்டையைத் தளர்த்தி, எப்பவும் போல. பாதி காலியான சிலிண்டர் முழுசு மாதிரியே தொங்கிச்சு."

"கழட்டினது வெளியாள். மாட்டினது நம்மாளு."

"நம்மாளுதான் சோறு சாப்பிட்டிருக்கார். யூ அண்ணே, சோறு யாருக்கு வெச்சீங்க?"

யூ துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "கதவைத் திறந்தவருக்கு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பளபளன்னு தோல் ஷூ போட்டிருந்தார். மத்தவங்க எல்லாம் அதிகாரி ரூம்ல உக்காந்துட்டாங்க. நான் தட்டை வெச்சு நிமிர்றேன், மணி அடிச்சுது. நூடுல்ஸ்காரங்க எல்லாரும் குச்சியோட அப்படியே சிலை. இவர் மட்டும் ஸ்பூனைப் போட்டுட்டு ஓடினார் பாருங்க, அந்த வயசுக்கு அப்படி ஓட்டம் நான் பார்த்ததில்ல. சுவத்துல வண்டியோட பேசுற ரேடியோ மாட்டியிருக்குமே, அது வரைக்கும் ஓடிப் போய் அதுல கையையும் வெச்சார்."

"அப்புறம்?"

"யோசிச்சார். உள்ள எட்டிப் பார்த்தார். கையை எடுத்துட்டார். வண்டி போற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து உக்காந்து சாப்பிட்டார்."

"முழுசுமா?"

"ஒரு பருக்கை இல்ல. நல்ல சமையல்னு சொல்லி இதை வேற குடுத்தார்." ஸ்கூட்டரின் பின்பெட்டியைத் திருப்பிக் காட்டினார். 'உறுப்பினரைத் தனியே விடமாட்டோம்.'

அச்சகத்திலிருந்து அந்த ஸ்டிக்கர் கட்டைப் பத்தாம் தேதி சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தவன் மான்சொப். தலைவர் கையில் கொடுத்தான். அவர் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மற்றவர்களுக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான்.

"அக்கா," என்றான். "எனக்கு இப்ப ஒரு ஜோக்கும் வரல."

"பரவால்ல. வண்டியை எடு. யூ அண்ணே, கடையை ஒரு மணி நேரம் மூடுங்க. நோட்டோட வாங்க."

"மதிய வியாபாரம் என்னாகிறது?"

"எட்டு சாப்பாட்டுக் காசு நான் தர்றேன்."

"கறித் தட்டு?" என்றார் யூ.

*

தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடி நடைபாதை. இரண்டு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம். ஹேரின் சுவரோரம் நின்றிருந்தாள். கையில் அந்தத் தாள். பென்சில் குறி அப்படியே இருந்தது.

யோங்ரான் சொல்ல வேண்டியதை அவளுக்கு எதிரிலேயே சொன்னாள். ஐந்து வாக்கியம். தலைவர் மறுக்கவில்லை. முதல் வாக்கியத்திலேயே அவர் கண் நடைபாதையின் இரண்டு பக்கமும் போய் வந்தது. யாராவது கேட்கிறார்களா என்று.

"அந்த வேட்பாளர் ஆள் இருபது நிமிஷம் சிலிண்டரை மாட்டிக்கிட்டு நின்னான்," என்றார் தாழ்ந்த குரலில். "ஹெல்மெட்டைப் போடு, முகமூடியைப் போடு, மாடிப்படி ஏறு, இறங்குன்னு கேமராக்காரன் ஆட்டி வெச்சான். நாய் மாதிரி இரைச்சான். நான்தான் கழட்டி மாட்டினேன். சாப்பிட்டுட்டு ஹேரின்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லலாம்னு இருந்தேன். சத்தியமா."

"மணி அடிச்சப்ப?"

"ரேடியோல சொன்னா எல்லாருக்கும் கேக்கும். ஏன் குறைஞ்சுது, யார் மாட்டினாங்க, எல்லாம் வரும். அந்தாள் ஜெயிச்சா நகர மன்றத்துல நம்ம சங்கத்துக்கு ஒரு குரல்..."

"உங்களுக்கு ஒரு சீட்," என்றான் மான்சொப்.

"நாலாம் நம்பரை யாரும் எடுக்காம இருக்கவும் வாய்ப்பு இருந்துச்சுப்பா. எட்டு சிலிண்டர் இருக்கு வண்டியில."

"அப்ப சாங்ஜின் சீட்டுக் குலுக்கல்ல தோத்துட்டான்," என்றாள் யோங்ரான்.

தலைவர் இப்போது ஹேரினிடம் திரும்பினார். குரலைக் குழைத்துக்கொண்டார். பொதுக்கூட்டங்களில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்திருக்கும் குரல். "இதோ பாரும்மா. இதை உள்ள போய்ச் சொன்னா அந்த ரூம்ல இருக்கிறவங்களுக்குத் திருவிழாதான். சங்கத் தலைவனே இப்படின்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். எண்ணூறு பேர் சேர்ந்து கட்டின சங்கம். ஒருத்திக்காக எண்ணூறு பேரைத் தெருவுல விடலாமா?"

"எண்ணூறுல அவ ஒருத்தி இல்லையா?" என்றாள் யோங்ரான். "ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டே வாங்க. கடைசியில நீங்களும் அந்த இஸ்திரிச் சட்டையும் மிஞ்சுவீங்க. சங்கம்னு போர்டு வெச்சுக்கலாம்."

"யோங்ரான், மரியாதையா..."

"மரியாதையாத்தான் பேசுறேன். இது வரைக்கும் 'நீங்க'தான் போட்டிருக்கேன்." அவள் ஹேரினைப் பார்த்தாள். "நான் உனக்காக முடிவு பண்ண மாட்டேன். கையெழுத்துப் போட்டாலும் உன்மேல கோபம் இல்ல. கீழ யூ அண்ணன் நோட்டோட உக்காந்திருக்கார். அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

ஹேரின் தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"சாங்ஜின் அண்ணனைப் போய்ப் பார்த்தீங்களா தலைவரே?"

"போனேம்மா. பழக்கூடை வாங்கிட்டுப் போனேன்."

"அவர் என்ன சொன்னார்?"

தலைவர் மறுபடி சட்டைக்கையின் மடிப்பைத் தடவினார்.

"என்கிட்ட சொன்னதைச் சொல்றேன். ஹேரின் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு, வால்வைத் திறந்தப்புறம் முள்ளைப் பார்க்காம இறங்கிட்டேன், என் தப்புதான், நீ அழாதேன்னார். ரெண்டு இருமலுக்கு நடுவுல."

கதவு திறந்தது. உள்ளே வரச் சொன்னார்கள்.

*

நீண்ட மேஜை. ஐந்து பேர். நடுவில் துணை இயக்குநர் மியோங், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. ஓரத்தில் வெளியிலிருந்து வந்த உறுப்பினர், வயதான பெண் வக்கீல், தூங்குவது போல இருந்தார். பக்கவாட்டில் குறிப்பெழுதும் பெண், விரல்களைத் தட்டச்சுப் பலகையின் மேல் வைத்தபடி. எதிரே மூன்று நாற்காலி.

தலைவர் பிரதிநிதி நாற்காலியில் பழக்கமாக உட்கார்ந்தார். மியோங் அவருக்கு லேசாகத் தலையசைத்தார். இருவருக்கும் நடுவில் எல்லாம் பேசி முடிந்ததன் தலையசைப்பு.

"உட்காருங்க," என்றார் மியோங். "ஒப்புதல் கடிதம் இருக்கும்னு சொன்னாங்க."

ஹேரின் உட்காரவில்லை. "முதல்ல பிரதிநிதியை மாத்திக்கிறேன் சார். விசாரணை தொடங்கிற வரைக்கும் மாத்தலாம்னு விதியில இருக்கு. எனக்குப் பதில் யோங்ரான் அக்கா பேசுவாங்க."

தலைவர் எழுந்து வெளியே போகத் திரும்பினார்.

"நீங்க போக வேண்டாம்," என்றாள் யோங்ரான். "எங்க முதல் சாட்சி நீங்கதான்."

அந்த நாற்காலியிலிருந்து சாட்சி நாற்காலிக்கு மூன்று அடி. அவர் அதைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஆள் சிலிண்டர் மாட்டி, முகமூடி போட்டு, கையுறையும் போட்டிருக்கலாம் என்று மான்சொப் கணக்குப் பார்த்தான்.

"பதினோராம் தேதி மதியம் கிழக்குத் துறை நிலையத்துல என்ன சாப்பிட்டீங்க?"

"இது என்ன கேள்வி?" என்றார் மியோங். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சம்பந்தமில்லாதது."

"பதில் வரட்டும் சார், சம்பந்தம் தானா வரும். தலைவரே, நீங்க சொல்லலேன்னா கீழ ஒருத்தர் நோட்டோட இருக்கார். அவர் சொல்வார். அவர் நீங்க சாப்பிட்ட அழகையும் சேர்த்துச் சொல்வார்."

தலைவர் தன் ஷூவைப் பார்த்தார். மனசாட்சி பேசவில்லை, வேறு வழி இல்லாததுதான் பேசியது. ஆனாலும் பேசியது. வேட்பாளர் வந்தது, சிலிண்டரை மாட்டி ஆட்டம் போட்டது, தானே கழற்றித் தொங்கவிட்டது, ரேடியோவில் கை வைத்தது, கையை எடுத்தது. குறிப்பெழுதும் பெண்ணின் விரல்கள் நிற்கவில்லை.

"கூட இருந்தவங்க யார் யார்?"

"வேட்பாளர். அவர் செயலாளர். கேமராக்காரர். முகப்பூச்சுக்கு ஒரு பொண்ணு. டிரைவர். நிலைய அதிகாரி நாம்."

"ஆறு. உணவகத்துக் கணக்குல நூடுல்ஸ் ஏழு."

தலைவர் யோங்ரானைப் பார்க்கவில்லை. மேஜையின் நடுப்பக்கம் பார்த்தார்.

மியோங் கோப்பை மூடினார். "புது விஷயங்கள் வந்திருக்கு. விசாரணையை ஒத்திவைக்கிறேன்."

"நீங்க எழுந்து போகலாம் மிஸ்டர் மியோங்," என்றது ஓரத்துக் குரல். வக்கீல் அம்மாள் தூங்கியிருக்கவில்லை. "சம்பவ இடத்துல சாப்பிட்டவர் விசாரிக்க உக்கார முடியாது. நாங்க நாலு பேர் இருக்கோம், விதிப்படி அது போதும். போறப்ப கதவை மெதுவா சாத்துங்க."

மியோங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் தாள்களைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். இத்தனை வருடம் அவருக்குக் கீழே இருந்தவர்கள். திசை மாறும் காற்றை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

வக்கீல் அம்மாள் ஹேரினைப் பார்த்தார். "இப்ப சொல்லும்மா. காலையில ஒன்பது மணிக்கு நீ என்ன பார்த்தே?"

ஹேரின் கையிலிருந்த தாளை மேஜை மேல் வைத்தாள். கையெழுத்து விழாத பென்சில் குறி மேலே தெரிய.

"நாலாம் நம்பர் சிலிண்டரோட வால்வைத் திறந்தேன். முள் முந்நூறுல நின்னுச்சு. அஞ்சு வரைக்கும் எண்ணினேன், இறங்கல. வால்வை மூடி, காத்தை வெளிய விட்டு மாட்டினேன்." குரல் ஒரு முறை உடைந்து, தானே சேர்ந்துகொண்டது. "அப்படியே எழுதிக்குங்க."

குறிப்பெழுதும் பெண் தட்டச்சு செய்தாள். முடித்ததும் திரையை ஹேரின் பக்கமாகத் திருப்பி, சரியா என்று கேட்டாள். ஹேரின் குனிந்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரி," என்றாள்.